ஒன்பதாம் பாரத்தை மடிக்க மாட்டேன்

ஜூன் 4

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் அப்பா எழுதிய குடும்ப வழிகாட்டி மறுபடியும் அச்சாகிறதே, அந்த அச்சகத்தில் தாள் மடிக்கிறவள் எழுதுகிறேன். நாற்பத்தெட்டு வருஷமாக இதே மேசை. இங்கே எல்லோரும் பெரியக்கா என்பார்கள். புரூஃப் வந்த உறையில் உங்கள் முகவரி இருந்தது. யாரையும் கேட்காமல்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால், உங்கள் காலேஜ் பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் மட்டும் பதில் எழுதுங்கள்.

பெரிய தாளில் பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாகும். அதை நாங்கள் பாரம் என்போம். உங்கள் அப்பா புத்தகத்தில் எட்டுப் பாரம் மடித்துக் கட்டி வைத்தாயிற்று. நாலாம் பாரத்தில் கணவன் மேல் கோபம் வந்தால் நூறு வரை எண்ணச் சொல்கிறார். என் வீட்டில் ஆயிரம் தாண்டியும் அது பலிக்கவில்லை, போகட்டும் என்று மடித்தேன். ஏழாம் பாரத்தில் மைக்கறைக்கு எலுமிச்சம்பழம் சொல்கிறார். அது சரிதான், செய்து பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் பாரத்தை மட்டும் மடிக்க மாட்டேன். அதில் பக்கம் 137 இருக்கிறது. இப்படி இருக்கிறது:

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு பகல் ஓர் இரவு பாலோ நீரோ எதுவும் தரலாகாது. குடலுக்கு ஓய்வே மருந்து."

தண்ணீரை நிறுத்தினால் பிள்ளை வற்றிப் போகும் என்று இன்றைக்குத் தெருவில் விளையாடும் குழந்தைக்கும் தெரியும். இந்தப் புத்தகத்தைப் பிரசவ வார்டில் ஒவ்வொரு தாய்க்கும் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்களாம், ஐயாயிரம் பிரதி. சின்ன முதலாளியிடம் சொன்னேன்.

"எழுதினவர் செத்து இருபது வருஷம் ஆச்சு பெரியக்கா. அவர் வீட்டுல சொன்னா மாத்துவேன். நீங்க சொல்லி மாத்த முடியுமா?"

"அப்ப அவங்க வீட்டுக்கு எழுதறேன்."

"எழுதுங்க, எழுதுங்க. ஸ்டாம்பு நான் வாங்கித் தர்றேன்" என்று சிரித்தார். ஸ்டாம்பை நானே வாங்கினேன்.

அந்தப் பக்கத்தை மாற்றி அனுப்புங்கள். அதுவரை ஒன்பதாம் பாரக் கட்டின் மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். உயரம் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மடிப்பு மேசைக்காரி

ஜூன் 11

அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அக்கறைக்கு நன்றி.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இது அப்பாவின் நூற்றாண்டுக்காக, பழைய புத்தகத்தை அப்படியே படமெடுத்து அச்சிடும் பதிப்பு. நான் மருத்துவ வரலாறு கற்பிக்கிறவள். பழைய ஆவணத்தில் கை வைப்பது என் துறையில் பெரிய குற்றம். அப்பா எழுதிய காலத்தில் உலகத்தின் பெரிய டாக்டர்களே குடலுக்கு ஓய்வு கொடு என்றுதான் எழுதினார்கள். காய்ச்சல்காரனின் ரத்தத்தை வடித்த காலம் ஒன்று இருந்தது. பாதரசத்தை மருந்தென்று விழுங்க வைத்த காலம் இருந்தது. பிணம் அறுத்த கையைக் கழுவாமல் பிரசவம் பார்த்த டாக்டர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தத் தவறுகள் தெரிந்தால்தான் மருத்துவம் எப்படி வளர்ந்தது என்பது புரியும். முன்னுரையில் இதையெல்லாம் பன்னிரண்டு பக்கத்தில் விளக்கியிருக்கிறேன்.

தாங்கள் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பதாக அச்சக உரிமையாளரும் தொலைபேசியில் சொன்னார். நூல் எழுதுவது ஒருவர் வேலை, பதிப்பிப்பது ஒருவர் வேலை, மடிப்பது ஒருவர் வேலை. அவரவர் வேலையை அவரவர் செய்தால் புத்தகம் நேரத்துக்கு வரும்.

அன்புடன்,
டாக்டரின் மகள்

ஜூன் 16

டாக்டரம்மாவுக்கு,

அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. என் வேலை என்ன என்று சொல்கிறேன். கறை பட்ட தாள், கிழிந்த தாள், தலைகீழாக அச்சான தாள், எதையும் உள்ளே விடக் கூடாது. பழுதைப் பொறுக்கி வெளியே போடுவதுதான் என் வேலை. அதைத்தான் செய்கிறேன்.

உங்கள் முன்னுரையைப் படித்தேன். புத்தகத்துக்கு முன்னால் சேர்க்கிற அந்தத் தனித் தாளும் என் கையால்தானே போயிற்று. பன்னிரண்டு பக்கத்தையும் படித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை தலை சாய்ந்து கிடக்கும்போது யாரம்மா முன்னுரை படிப்பார்கள்? புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் உங்கள் அப்பா ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். "அவசரத்துக்கு எங்கே பார்ப்பது?" தீக்காயம், பக்கம் 121. பூச்சிக்கடி, பக்கம் 130. வயிற்றுப்போக்கு, பக்கம் 137. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் புரட்டுகிறவள் நேராக அங்கேதான் போவாள். உங்கள் முன்னுரைக்கும் அவளுக்கும் நடுவே நூற்று முப்பத்தாறு பக்கம் இருக்கிறது.

கை கழுவாத டாக்டர்களைப் பற்றி எழுதினீர்களே. அவர்கள் எழுதி வைத்ததைப் பிரசவ வார்டில் விநியோகம் செய்வீர்களா? கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவீர்கள். இதையும் பூட்டுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டுக்கு வழிகாட்டி என்று அட்டையில் போட்டுக் கையில் கொடுக்காதீர்கள்.

இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். நீங்கள் வேலையைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன்.

இந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை நாங்கள்தான் கட்டினோம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அட்டை கோணிப் போன ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துக்கொள்ள விட்டார்கள். எங்கள் தெருவிலேயே புத்தகம் இருந்த வீடு எங்கள் வீடு. நான் அப்போது தரையில் நடக்கவில்லை. யாருக்குத் தலைவலி என்றாலும் பக்கத்தைப் புரட்டிப் படித்துச் சொல்வேன். அடுத்த வருஷம் என் இரண்டாவது பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பத்து மாதம் அவளுக்கு.

என் மாமியாருக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது. "நாக்கு வறண்டு கெடக்குடி, ரெண்டு வாய் தண்ணி ஊத்து" என்றார். நான் புத்தகத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது டாக்டர் எழுதினது அத்தை. உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். அவர் டம்ளரை எடுத்து வந்தார். நான் பிடுங்கி வைத்தேன். மறுபடி எடுத்து வந்தார். மறுபடியும் பிடுங்கினேன். பகல் முடிந்தது. இரவு முடியவில்லை.

எழுத்தே தெரியாதவர் சொன்னது சரி. ஐந்தாவது படித்தவள் செய்தது தப்பு. மாமியார் அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் என்னோடு இருந்தார். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு இப்போது ஐந்து பேரப்பிள்ளைகள். ஒவ்வொன்றும் குதிரை மாதிரி ஓடுகிறது. ஒன்றுக்கும் நான் தண்ணீர் மறுத்ததில்லை.

இனி வேலைக்கு வர வேண்டாம் என்று நேற்று சின்ன முதலாளி சொல்லிவிட்டார். வந்தேன். "வரவேண்டாம்னு சொன்னேனே" என்றார். "வேலைக்கு வரலை தம்பி, உக்கார வந்தேன்" என்றேன்.

மடிப்பு மேசைக்காரி

ஜூன் 24

அம்மா அவர்களுக்கு,

உங்கள் குழந்தையைப் பற்றிப் படித்தேன். என்ன எழுதினாலும் சம்பிரதாயமாகத்தான் தெரியும் என்பதால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எட்டு நாள் பதில் போடாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் என் அப்பா குழந்தைகளைக் கொன்றவர் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை என்னால் விட முடியாது. அவர் தன் பிற்கால நோயாளிகள் யாருக்கும் தண்ணீரை நிறுத்தவில்லை. நான் அவருடைய கிளினிக்கில் வளர்ந்தவள். சர்க்கரையோடு சேர்ந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று ஆராய்ச்சிகள் வந்தபோது, அதை ஒவ்வொரு தாய்க்கும் வாயால் சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் ஏன் புத்தகத்தில் திருத்தவில்லை என்பது எனக்கும் புரியாமல்தான் இருந்தது. முந்தாநாள் வரை.

மீதிப் பக்கங்களின் படங்கள் மங்கலாக இருந்ததால், இன்னும் தெளிவாகப் படமெடுக்க வீட்டிலிருந்த இரண்டாம் பதிப்புப் பிரதி ஒன்றைப் பிரித்தேன். புத்தகத்தின் முதுகில் துணிக்கு அடியில் துண்டுத் தாள்கள் குறுக்கே ஒட்டியிருந்தன. பழுப்பேறிய அச்சுத் தாள். இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைத்தபோது இப்படிப் படிக்க முடிந்தது:

"பக்கம் 137, வரி 9. 'எதுவும் தரலாகாது' என்பதை 'தடையின்றித் தருக' எனத் திருத்தி வாசிக்கவும்."

அப்பா திருத்தியிருக்கிறார். திருத்தச் சீட்டு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டிய சீட்டை, உங்கள் பைண்டிங் பகுதி வெட்டி முதுகில் ஒட்டிவிட்டது.

பழுதைப் பொறுக்குவது உங்கள் வேலை என்று எழுதினீர்கள். அந்த வருஷம் முதுகு ஒட்டும் மேசையில் இருந்தது யார் என்று சொல்ல முடியுமா?

டாக்டரின் மகள்

ஜூன் 29

டாக்டரம்மாவுக்கு,

நான்தான்.

அந்த வருஷம் பசைக்காரிக்குப் பிரசவம். மூன்று மாதம் முதுகு ஒட்டியது நான். உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். வீட்டுக்குப் போய் என்னிடம் இருந்த பிரதியை எடுத்தேன். பேனாக்கத்தியால் முதுகைக் கீறினேன். மூன்று துண்டு இருந்தது. நடுத் துண்டில் 'தடையின்றித் தருக' என்று முழுசாகத் தெரிகிறது. பசை காய்ந்து என் விரல் ரேகைகூட அதில் பதிந்திருக்கிறது.

பிள்ளை கிடந்த அன்றைக்கு அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதன் முதுகு என் உள்ளங்கையில் இருந்தது.

இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இன்றைக்குத் தொடுகிறேன். என் பங்கை நான் ஒளிக்கப் போவதில்லை. அதே மாதிரி உங்கள் வீட்டுப் பங்கையும் ஒளிக்க விடமாட்டேன்.

எங்கள் இடத்தில் ஒரு முறை இருக்கிறது. மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டுக்கும் மேலே ஒரு சீட்டு செருகி வரும், எந்தப் புத்தகம், எந்தப் பாரம், எத்தனை என்று. சீட்டு இல்லாத கட்டு கழிவுக் கூடைக்குப் போகும். புத்தகத்தின் முதுகு விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் தாளை அந்தக் கூடையிலிருந்துதான் எடுத்து வெட்டுவோம். நான் கழிவுக் கூடையிலிருந்து எடுத்தேன். எழுதியிருந்ததைப் படிக்காமல் வெட்டினேன். படிக்கத் தெரிந்தவள் படிக்காமல் வெட்டினேன், அது என் குற்றம்.

ஆனால் நீங்களே அந்தத் துண்டைப் பாருங்கள். பக்கம் 137 என்று இருக்கிறது. எந்தப் புத்தகத்தின் 137? போடவில்லை. யார் எழுதிய புத்தகம்? போடவில்லை. அந்த எழுத்தும் எங்கள் அச்சகத்து எழுத்து இல்லை. எங்கள் 'த' அப்போது கால் உடைந்து கிடக்கும், இது முழுசாக இருக்கிறது. வேறெங்கேயோ அடித்திருக்கிறார். புத்தகம் எங்களிடம் அச்சாகும்போது, ஒரு சின்னச் சீட்டை ஏன் வெளியே கொடுத்து அடிக்க வேண்டும்? தன் பெயரை ஏன் விட வேண்டும்? புத்தகம் வெளிவந்த பிறகு ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருந்தால் சீட்டு இல்லை என்று தெரிந்திருக்குமே, ஏன் பார்க்கவில்லை?

கேட்க உங்கள் வீட்டில் ஆள் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

மடிப்பு மேசைக்காரி

ஜூலை 9

அம்மா அவர்களுக்கு,

என் அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. இது நினைவிருந்தது.

"அந்தச் சீட்டா? உங்கப்பா பக்கத்து ஊர்ல அடிச்சுட்டு வந்தார். இங்க அடிச்சா முதலாளிக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும், டாக்டர் தப்பா எழுதிட்டார்னு பேசுவாங்கன்னார். பேரெல்லாம் வேண்டாம்னு அவர்தான் சொன்னார்" என்றார்.

அந்தச் சீட்டுகளை அப்பா ஒரு மதிய நேரத்தில் கொண்டுபோய் பைண்டிங் அறை வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஒட்டினார்களா என்று பார்க்கவும் இல்லை. "பாத்தா கேக்கணும், கேட்டா சொல்லணும்" என்றாராம்.

நீங்கள் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் இதை நூற்றாண்டுப் பதிப்பில் போட முடியாது. விழாக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். எனக்கும் அவர் அப்பா. சைக்கிளில் போய் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவரை, ஒரு சீட்டுக்காக நான் தலைகுனிய வைக்க முடியாது.

ஒரு வழி சொல்கிறேன். இம்முறை சரியான திருத்தச் சீட்டு அச்சடிப்போம், புத்தகப் பெயரோடு. பக்கம் 137இல் வைத்துவிடுவோம். உங்களுக்கும் வேலை, எங்களுக்கும் மரியாதை. தயவுசெய்து எழுந்திருங்கள்.

டாக்டரின் மகள்

ஜூலை 13

டாக்டரம்மாவுக்கு,

சீட்டா?

உள்ளே வைத்த சீட்டு முதல் நாள் பறக்கும். இரண்டாம் நாள் பிள்ளை வாயில் போகும். மூன்றாம் நாள் கடைக்குப் போகும் கணக்கை அதன் பின்பக்கம் எழுதுவார்கள். முடியாது. பக்கமே மாற வேண்டும்.

உங்கள் அப்பாவைத் தலைகுனிய வைக்கச் சொல்லவில்லை. அவர் புதிதாகப் படித்தார், தப்பை உணர்ந்தார், காசு செலவழித்து அச்சடித்தார். என்னைவிட நல்லவர்தான். என்னைப் போலவே வீம்பு பிடித்தவரும்கூட. டாக்டருக்குத் தப்பு வராது என்று ஊர் நினைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். எங்கள் வீட்டில் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று தெரு நினைக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் என் பெண் போனாள். இப்போது மூன்றாவதாக நீங்கள் வருகிறீர்கள்.

மருத்துவ வரலாறு சொல்லிக் கொடுக்கிறீர்களே, இது வரலாறு இல்லையா? கை கழுவாத டாக்டர் வேறு நாட்டுக்காரர் என்றால் பாடம், உங்கள் வீட்டுக்காரர் என்றால் ரகசியமா?

என் பங்கை அச்சில் போடுங்கள். நான் பயப்படவில்லை.

நேற்று சின்ன முதலாளி வெளியிலிருந்து நாலு பேரை மடிக்கக் கூட்டி வந்தார். எங்கள் மேசைப் பெண்கள் ஆறு பேரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கட்டின் மேல் இடம் போதவில்லை. ஆறு பேரில் பசைக்காரி மட்டும் நின்றாள், அவளுக்கு மூட்டுவலி. வந்த நாலு பேரும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். பக்கத்தைப் படித்துக் காட்டினேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மடிப்பு மேசைக்காரி

ஜூலை 22

பெரியக்காவுக்கு,

அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல் நானும் கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்தேன். தலைவர், "ஒரு பைண்டிங் பொம்பளை சொல்லி டாக்டர் எழுதினதை மாத்துறதா?" என்றார். "டாக்டரே மாத்தினதுதான் சார், நாப்பத்து மூணு வருஷமா நாமதான் ஒட்டாம வச்சிருக்கோம்" என்றேன். பக்கம் மாறாவிட்டால் அப்பா புத்தகத்தை அச்சிட என் சம்மதம் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் என்னோடு யாரும் பேசவில்லை. நான்காம் நாள் சரி என்றார்கள்.

புதிய பக்கம் 137 இத்துடன். பழைய வரியை அப்படியே அச்சிட்டு, அதன் மேல் ஒரு கோடு அடித்திருக்கிறேன். கீழே சரியானது. அதற்கும் கீழே இந்தக் குறிப்பு:

"இந்தத் தவறை நூலாசிரியர் இரண்டாம் பதிப்பிலேயே உணர்ந்து திருத்தச் சீட்டு அச்சிட்டார். வெளிப்படையாக ஒப்புக்கொள்ளத் தயங்கி, பெயரிடாமல் கொடுத்தார். கட்டும் இடத்தில் ஒரு தொழிலாளி அதைக் கழிவென்று கருதி நூலின் முதுகில் ஒட்டினார். திருத்தம் யாரையும் சேரவில்லை. — நூலாசிரியரின் மகள்."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இப்பவாவது சொன்னியே" என்றார்.

போதுமா?

ஜூலை 27

டாக்டரம்மாவுக்கு,

போதாது.

கோபிக்காதீர்கள், நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் பக்கம் இன்னும் படித்தவர்களுக்குத்தான் இருக்கிறது. பதறுகிறவள் கண்ணுக்குக் கோடு தெரியாது, எழுத்துதான் தெரியும். பழைய வரி பக்கத்தின் உச்சியில் இருக்கக் கூடாது. உச்சியில் கொட்டை எழுத்தில் இதைப் போடுங்கள்: தண்ணீரை நிறுத்தாதே. தாய்ப்பாலை நிறுத்தாதே. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. வரலாறெல்லாம் அடியில் பொடி எழுத்தில் இருக்கட்டும், அதைப் பிள்ளை பிழைத்த பிறகு படிப்பாள்.

உப்பு சர்க்கரைத் தண்ணீருக்கு நீங்கள் கொடுத்த அளவு சரி. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆனால் 'மட்டமாக' என்று ஒரே வார்த்தையில் விட்டுவிட்டீர்கள். கரண்டியைக் குவித்துப் போடுவதுதான் எங்கள் கைப்பழக்கம். உப்பு கூடினால் அதுவும் ஆபத்து என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். 'விரலால் வழித்துவிட்டு' என்று போடுங்கள்.

அப்புறம், 'ஒரு தொழிலாளி' என்று என்னை மறைத்திருக்கிறீர்கள். இரக்கப்பட்டுச் செய்திருப்பீர்கள். வேண்டாம். 'முதுகு ஒட்டிய பெண், படிக்கத் தெரிந்தும் படிக்காமல் ஒட்டினாள். அடுத்த ஆண்டு அதே புத்தகத்தைப் படித்துத் தன் பத்து மாதப் பெண் குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தினாள்' என்று போடுங்கள். உங்கள் அப்பாவின் வெட்கத்தை நீங்கள் அச்சில் ஏற்றியிருக்கும்போது, என் வெட்கத்துக்கு மட்டும் ஏன் முக்காடு?

பழைய பாரம் ஐயாயிரத்தையும் சின்ன முதலாளியே கூடையில் தள்ளினார். முதுகுக்கு இதை எடுக்க வேண்டாம் என்று பசைக்காரியிடம் சொல்லியிருக்கிறேன். அரைக்கும் மில்லுக்குப் போகட்டும். புதிய பக்கத்துக்கு அச்சுத் தகடு வந்ததும் நானே முதல் தாளை மடிப்பேன்.

அதற்கிடையே பத்தாம் பாரம் நேற்று மெஷினிலிருந்து வந்தது. பக்கம் 152. காய்ச்சல் கொதிக்கிற பிள்ளையைக் கம்பளியில் இறுகச் சுற்றி, ஜன்னலை எல்லாம் அடைத்து, வியர்க்க வைக்கச் சொல்கிறார் உங்கள் அப்பா.

பதில் போடுங்கள். அவசரமில்லை, நாங்கள் ஏழு பேரும் இங்கேதான் இருக்கிறோம்.

மடிப்பு மேசைக்காரி